தரங்கம்பாடிச் செய்தி கேட்ட தாய்

உத்தியோக நிமித்தம் பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்குள்ள பெருங்கவலை, நம் மக்கள் தம் மொழியையும் சமயத்தையும் மறந்துவிடுவரோ என்பதே. முந்நூறு ஆண்டுகட்கு முன் இதே கவலையுற்ற ஓர் அன்னையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சூசன்னா வெஸ்லி அம்மையார் 1669-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரை மணந்து, பின்னர் எப்வர்த் என்னும் சிற்றூரில் குடியேறினார். பெற்ற மக்கள் பத்தொன்பதின்மர், பிழைத்தவர் பதின்மர். கடன் தொல்லையால் 1705-இல் கணவர் சிறை புகவும் நேர்ந்தது. எனினும் அம்மையார் தம் வீட்டையே பள்ளியாக்கினார். பேச்சு வந்தவுடன் குழந்தைக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபம்; ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துக்கள்; பின்னர் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். பெண்மக்கள் நன்கு வாசிக்கக் கற்ற பின்னரே தையல் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

1709, பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு வீடு தீக்கிரையாயிற்று. மாடியில் தனித்து நின்ற ஐந்து வயதுச் சிறுவன் ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சன்னல் வழியே மீட்டனர். வீடிழந்த பிள்ளைகள் பல குடும்பங்களில் பிரிந்து வளர்ந்தனர். திரும்பி வந்தபோது அவர்தம் பேச்சும் பழக்கமும் மாறியிருந்தன. ஓய்வுநாள் ஒழுக்கமும் தளர்ந்திருந்தது. அன்னை மனந்தளராது காலை மாலைச் சங்கீதங்களுடன் மீண்டும் தொடங்கினார்.

இனி நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1711-12 குளிர்காலத்தில் கணவர் லண்டன் சென்றிருந்தபோது, மூத்த மகள் எமிலி தந்தையின் அறையில் ஒரு நூலைக் கண்டெடுத்தாள். அது 1706-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்ற சீகன்பால்கு முதலிய குருமாரின் பணியைக் கூறுவது. அதனைக் கேட்டு உள்ளமுருகிய அம்மையார், தம் பணியைத் தம் மக்களிடமே தொடங்கத் துணிந்தார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனித்து அமர்ந்து உரையாடினார். வியாழன் ஜானுக்கு, சனி சார்லசுக்கு. ஜான் வளர்ந்து கல்லூரி ஆசிரியரான பின்னும் அவ்வியாழன் மாலையை நினைந்து ஏங்கித் தாய்க்குக் கடிதம் வரைந்தார்.

அம்மையாரின் முறைகள் யாவும் நாம் கொள்ளத்தக்கன அல்ல. ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சப் பழக்கியது மிகை. ஆயின் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளையை அடிப்பதில்லை என்ற விதியும், செய்த பிழைக்கு இருமுறை தண்டனையில்லை என்ற விதியும் போற்றற்குரியன.

1742-ஆம் ஆண்டு ஜூலையில் அம்மையார் லண்டனில் உயிர்நீத்தார். ஜான் மெதடிஸ்ட் இயக்கத்தை வளர்த்தார். சார்லஸ் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றினார். அவ்வியக்கத்தின் தென்னிந்தியச் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. தரங்கம்பாடியினின்று சென்ற செய்தி இங்ஙனம் தமிழகத்திற்கே திரும்பி வந்தது.

இரவுப்பணியும் பகற்பணியும் மாறிமாறி வரும் நமக்கு நேரம் அரிதே. பத்து மக்களுக்கிடையே அவ்வன்னைக்கும் அஃது அரிதாகவே இருந்தது. எச்சமயத்தவராயினும், வாரத்தில் ஒரு மாலையேனும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அருகிலிருத்தி, நம் தாய்மொழியில் பேசுவோமாக.