கொட்டிய கழிவிலிருந்து ரேடியம்: மேரி கியூரியின் வாழ்க்கை

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாலை நிறுத்துக் கொடுத்த பிறகும், மரத்தின் வெட்டிலும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்ததை உரித்துச் சேர்த்து வைப்பார்கள். மிச்சத்துக்கும் எடை உண்டு, விலை உண்டு என்பது நம் தாய்மார்கள் அறிந்த கணக்கு.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு ஐரோப்பாவில் ஒரு பெண், ஏறக்குறைய இதே எண்ணத்தோடு, ஒரு சுரங்கம் வேண்டாமென்று கொட்டிய மண்ணை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். அவர்தான் மேரி கியூரி. இரண்டு நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பெருமைக்கு அடித்தளம் ஒரு கழிவுக் குவியல்.

அக்காளுக்காக உழைத்த தங்கை

போலந்தின் வார்சா நகரில் 1867 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. அப்போது வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். மரியாவுக்குப் பத்து வயதானபோது தாயார் காசநோயால் இறந்தார்.

அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. அக்காள் புரோனியா முதலில் பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது, பிறகு அவர் தங்கைக்கு உதவுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டனர். வசதியானவர்களின் வீட்டில் தங்கி அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் அக்காளுக்குப் பணம் அனுப்பினார் மரியா. அவருடைய முறை வர 1891 ஆனது. பாரிஸில் 1893இல் இயற்பியல் பட்டமும் 1894இல் கணிதப் பட்டமும் பெற்றார். 1895இல் அறிவியலாளர் பியேர் கியூரியை மணந்தார்.

அளந்து பார்த்ததால் கிடைத்த ஐயம்

யுரேனியம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளியிடுகிறது என்று 1896இல் ஹென்றி பெக்கரல் கண்டறிந்தார். மேரி அந்தக் கதிர்களை அளக்க முற்பட்டார். பியேரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் உருவாக்கிய நுண்ணிய மின்னளவுக் கருவி அதற்குக் கைகொடுத்தது.

பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவை அளந்தபோது கணக்கு இடித்தது. தாதுவில் யுரேனியம் ஒரு பங்குதான். ஆனால் அதன் கதிர்வீச்சோ தூய யுரேனியத்தைவிடப் பல மடங்கு அதிகம். கருவியில் பிழையில்லை என்று திரும்பத் திரும்பச் சோதித்து உறுதி செய்தார். அப்படியானால் தாதுக்குள் யாரும் அறியாத வேறொரு தனிமம் இருக்க வேண்டும். பியேரும் தம் சொந்த ஆய்வை நிறுத்திவிட்டு மனைவியோடு சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்து, தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயரிட்டனர். டிசம்பரில் ரேடியத்தை அறிவித்தனர்.

கதிரை அளந்தது மட்டும் வேதியியலாளர்களுக்குப் போதவில்லை. பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும், அதன் அணு எடையைச் சொல்ல வேண்டும். அதற்கு டன் கணக்கில் தாது தேவை. பிட்ச்பிளெண்ட் விலை கூடியது. கியூரி தம்பதியிடம் அவ்வளவு பணம் இல்லை.

காட்டில் கிடந்த மூட்டை

அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தில் பிட்ச்பிளெண்ட் கிடைத்தது. கண்ணாடிக்கு நிறமூட்ட அதிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பைன் மரக் காட்டில் கொட்டி வந்தார்கள். யுரேனியத்தை எடுத்தாலும் ரேடியம் வேறு பொருள் என்பதால் அது அந்த மிச்சத்திலேயே தங்கியிருக்கும் என்று மேரி கணித்தார். வியன்னா அறிவியல் கழகத்தின் முயற்சியால் ஆஸ்திரிய அரசு முதல் ஒரு டன்னை இலவசமாகக் கொடுத்தது. பாரிஸ் வந்திறங்கிய மூட்டைகளைப் பிரித்தபோது பழுப்பு மண்ணோடு பைன் இலைகளும் கலந்து கிடந்தன.

வேலை செய்யக் கிடைத்த இடம், முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பயின்ற ஒரு கொட்டகை. மழை பெய்தால் கூரை ஒழுகும். வெயிலில் புழுங்கும், குளிரில் உறையும். நச்சுப் புகை போக வழியில்லாததால் பல வேலைகளை முற்றத்தில்தான் செய்தார்கள்.

ஒவ்வொரு முறையும் 20 கிலோ அளவுக்கு எடுத்துப் பெரிய பாத்திரங்களில் கொதிக்க வைத்து, ஏறக்குறைய தம் உயரம் இருந்த இரும்புக் கம்பியால் மேரி நாள் முழுக்கக் கிளறினார். சோடாவில் கொதிக்க வைப்பது, அமிலத்தில் கரைப்பது, வீழ்படிவை வடிப்பது என்று ஒவ்வொன்றாக வேண்டாதவை கழிந்தன. கடைசியில் ரேடியம் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டும் குணத்தில் நெருங்கிய உறவு என்பதால் அவற்றைப் பிரிப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது.

பாகு ஆறும்போது கற்கண்டு படிவதுபோல், இவற்றின் உப்புக் கரைசல் ஆறும்போதும் படிகம் படியும். முதலில் படிவதில் ரேடியம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தப் படிகத்தை மீண்டும் கரைத்து மீண்டும் படிய விட வேண்டும். இப்படியே பல்லாயிரம் முறை. பின்னர் ஒரு நிறுவனமும் ஆந்த்ரே டெபியர்ன் என்ற வேதியியலாளரும் தொடக்கக் கட்ட வேலையில் உதவினர்.

1902இல், டன் கணக்கான கழிவிலிருந்து கிடைத்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவு. ஆனால் அணு எடையை நிறுவ அது போதும். பிரிக்கும் முறைக்குக் கியூரி தம்பதி காப்புரிமை வாங்கவில்லை. அறிவியல் எல்லாருக்கும் உரியது என்று கருதிச் செய்முறையை வெளியிட்டனர்.

பரிசும் விலையும்

1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசுக்கு முதலில் பெக்கரலும் பியேரும் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டனர். விஷயம் அறிந்த பியேர், மேரியின் பங்கை வலியுறுத்தினார். மூவருக்கும் பரிசு கிடைத்தது. 1906 ஏப்ரல் 19ஆம் நாள் பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியேர் இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்ற மேரி, கணவரின் இடத்தில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே கற்பித்த முதல் பெண் அவர்தான். 1911இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

ரேடியம் புற்றுநோய் மருத்துவத்துக்குப் பயன்படத் தொடங்கியதும் அதன் விலை ஏறியது. 1921இல் மேரியின் ஆய்வுக்காக ஒரே ஒரு கிராம் ரேடியம் வாங்க அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு விலையும் இருந்தது. இருட்டில் மின்னிய அந்தக் குப்பிகளை அவர்கள் வெறுங்கையால் எடுத்தார்கள். விரல் நுனிகள் வெந்தன. உடல் ஓயாமல் களைத்தது. எலும்பு மச்சை இரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும் நோயால், 1934 ஜூலை 4ஆம் நாள் தம் 66ஆம் வயதில் மேரி காலமானார். நீண்டகாலக் கதிர்வீச்சே காரணம் என்று மருத்துவர்கள் கருதினர். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீசுவதால் பாரிஸில் ஈயப் பெட்டிகளில் வைத்துக் காக்கப்படுகின்றன.

நம் ஊர் கறுப்பு மணல்

இந்தக் கதை நமக்குத் தூரத்தில் இல்லை. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பின் எஞ்சிய கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அதில் இல்மனைட், சிர்கோன், மோனசைட் ஆகிய கனிமங்கள் உண்டு. வெள்ளைச் சாயம், தரை ஓடு, அருமண் உலோகங்கள் என அவற்றுக்குச் சந்தை இருக்கிறது. மோனசைட்டில் தோரியமும் உண்டு. தோரியமும் கதிர்வீசுகிறது என்று 1898இல் கண்டவர்களில் மேரி ஒருவர்.

ஈப்போ அருகே புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அருமண் பிரித்த ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து 1985இல் மக்கள் நீதிமன்றம் சென்றனர். ஆலை 1994இல் மூடப்பட்டது.

கழிவில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க மேரி கியூரி கற்றுக் கொடுத்தார். அதை எடுத்த பிறகு எஞ்சுவது எங்கே போகும், யார் வீட்டு வாசலில் சேரும் என்ற கேள்வியை அவர் உடம்பு பட்ட பாடு கற்றுக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த பொறியாளர்கள் நமக்குத் தேவை. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலேயே கனிமவளப் பொறியியல் படிக்கலாம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள், மருத்துவம், சட்டத்தோடு இதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.