வீணை தனம்மாள்

தேசத்துக்குத் தொண்டு செய்தவர்கள் என்று நாம் எண்ணும் வரிசையில், மேடை ஏறிப் பேசியவர்களுக்கும் சிறை புகுந்தவர்களுக்கும் இடம் உண்டு. வீட்டுக்குள் அமர்ந்து, தேசத்தின் பொக்கிஷம் ஒன்றைச் சிந்தாமல் சிதறாமல் காத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. இவ்விதம் விடுபட்டவர்களுள் முதன்மையானவர், சென்னை ஜார்ஜ் டவுனில் 1867-ம் வருஷம் பிறந்து, 1938-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி காலஞ்சென்ற வீணை தனம்மாள். ரஸிகர்கள் அவரை நன்கறிவர். அரசியல் ஊழியர்களும் அறிய வேண்டியவர் அவர் என்பது நம் அபிப்பிராயம்.

தனம்மாளின் முன்னோர் தஞ்சை அரண்மனையை அண்டி வாழ்ந்த கலைஞர்கள். பாட்டியார் காமாட்சியம்மாள் ஆடலிலும் பாடலிலும் தேர்ந்தவர். 1855-ல் கம்பெனியார் தஞ்சை ஸமஸ்தானத்தை விழுங்கியதும், அங்கே போஷிக்கப்பட்டு வந்த வித்வான்களும் நாட்டியக் குடும்பத்தாரும் வேறு ஆதரவு தேடி நாற்புறமும் சிதறினர். சென்னைக்கு வந்து, வர்த்தகப் பிரபுக்களின் ஆதரவில் நிலைத்தவர்கள் பலர். அந்நிய ஆட்சி நம் நெசவை அழித்த கதையை நாம் ஓயாது பேசுகிறோம். ஒரு ராஜ்யத்தைக் கவர்ந்தபோது அதன் சங்கீதத்தையும் அது தெருவில் நிறுத்திற்று என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் குமாரர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஆகவே அந்த மகான்களின் கீர்த்தனங்கள் தனம்மாளுக்குக் குடும்பச் சொத்தாகவே வந்து சேர்ந்தன. தீக்ஷிதர் கீர்த்தனங்களைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் கற்றார். க்ஷேத்ரக்ஞரின் பதங்களைக் கண்பார்வையற்ற வித்வானாகிய பாலதாஸ் நாயுடுவிடம் பெற்றார். ஜாவளிகள் இயற்றிய தர்மபுரி சுப்பராயர் அவருடைய நெருங்கிய நண்பர்.

அவர் வீணையை வாசித்த முறையே தனி. மீட்டுவதற்கு விரலில் கம்பிக் கவசம் எதையும் அவர் அணிவதில்லை. வெறும் விரலாலும் நகத்தாலும் மீட்டுவார். நாதம் மெல்லியதாக எழும். அதனோடு தம் குரலையும் மெதுவாக இழைத்துப் பாடுவார். எது வீணை, எது குரல் என்று பிரித்தறிய இயலாதென்று கேட்டவர்கள் வியந்தனர். துரித காலத்தில் ஸ்வரங்களை அள்ளி வீசிக் கைதட்டல் வாங்கும் வித்தை அவருக்கு உவப்பில்லை. ஒரு பதத்தின் ஓரடியை எடுத்து, ராகத்தின் சாயல் முழுவதும் அதிலேயே தெரியும்படி நிதானமாக வாசிப்பதே அவர் வழி.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் நடந்த வாசிப்புக்கு நகரத்தின் வித்வான்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் வந்து கூடுவர். பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது; கைதட்டலும் பேச்சும் கிடையா. வடநாட்டு மேதையான அப்துல் கரீம் கானும் அந்த வீட்டுக்கு வந்து போனவரே. இதைப் படிக்கும் ஆங்கிலம் கற்ற நேயர்களுக்கு, பியானோ மேதை ஷோபேனின் நினைவு வரக்கூடும். பெரிய மண்டபங்களை வெறுத்து, பாரிஸ் நகரத்துச் சிறு கூடங்களில் வாசித்து, பாடம் சொல்லிப் பிழைத்த அம்மேதை தம் ஆயுளில் பகிரங்கமாகச் செய்த கச்சேரிகள் ஏறக்குறைய முப்பதுதான். ஆயினும் அவர் எழுதி வைத்த காகிதங்கள் உலகெங்கும் பரவின. தனம்மாளோ காகிதத்தை நம்பியவர் அல்லர்.

கீர்த்தி இருந்த அளவுக்குப் பொருள் இல்லை. வந்ததைத் தாராளமாகச் செலவிட்ட கை அவருடையது, பெரிய குடும்பம், கடன் பெருகிற்று. பிற்காலத்தில் கண்பார்வையும் மங்கிப் போயிற்று. சங்கீதத்தைச் சபைக்கு ஏற்றபடி மாற்றியிருந்தால் வருமானம் கூடியிருக்கும். அவர் மாற்றவில்லை.

இனி, நம்மவர்கள் கேட்டுப் பழகாத பகுதியைச் சொல்கிறோம். 1890-களில் சீர்திருத்தக்காரர்கள் நாட்டியக் கச்சேரிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்கியபோது தனம்மாள் இருபது கடந்த இளமாது. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, அடுத்த வருஷம் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. 1929-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் தேவதாசி முறைக்கு எதிரான முதற் சட்டம் நிறைவேறியது. 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கமே தடுக்கப்பட்டது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமை ஒழிய வேண்டியதே. அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கொடுமையைக் கண்டித்த வாய்களே, அக்குலத்துப் பெண்கள் அனைவரையும் இழித்துப் பேசின. அவர்கள் காத்த கலையைத் தேசியக் கலை என்று கொண்டாடிய சபைகள், காத்தவர்களை வாசலில் நிறுத்தின. தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி 1925-ல் காஞ்சீபுரத்தில் தம் ஏழாம் வயதில் அரங்கேறியது இந்தக் காற்று வீசிய காலத்திலேதான். ஊரெல்லாம் இழித்த ஒரு கலையில் குழந்தையை இறக்குவதற்கு அக்குடும்பத்துக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டியிருந்திருக்கும்!

வக்கீல் தொழிலில் பழகிய நாம், சொத்து என்றதும் பத்திரம் எங்கே என்று கேட்போம். தனம்மாள் விட்டுச் சென்ற சொத்துக்குப் பத்திரம் கிடையாது. வாயால் சொல்லி, காதால் கேட்டு, ஒரு சங்கதி பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, வருஷக்கணக்கில் உருவேற்றுவதே அவ்வீட்டுப் பாடம். குமாரத்திகள் ராஜலட்சுமியும் லட்சுமிரத்னமும் சேர்ந்து பாடிப் பெயர் பெற்றனர். ஜயம்மாள் தம் மகள் பாலசரஸ்வதியின் நடனத்துக்குப் பாடினார். காமாட்சியின் பெண்களாகிய பிருந்தாவும் முக்தாவும் பாட்டியாரின் பாணியை ஏற்றனர். எல்லாம் தம்மிடமே உள்ளது என்ற கர்வம் அக்குடும்பத்துக்கு இல்லை என்பதற்கும் சான்று உண்டு: அவ்விரு பெண்களும் காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையிடமும் அனுப்பப்பட்டுப் பாடம் கற்றனர். பின்னாளில் ராம்நாட் கிருஷ்ணன் போன்ற பெரிய பாடகர்கள் பதம் கற்பதற்குப் பிருந்தாவைத் தேடி வந்தனர்.

தனம்மாள் மறைந்தபோது சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை நடந்து கொண்டிருந்தது. வித்வத் சபை வழங்கும் சங்கீத கலாநிதிப் பட்டம் 1968 வரை எந்தப் பெண்மணிக்கும் கிட்டவில்லை, அவ்வருஷந்தான் எம். எஸ். சுப்புலட்சுமி அதைப் பெற்றார். 1973-ல் பாலசரஸ்வதிக்கும் 1976-ல் பிருந்தாவுக்கும் அது வந்தது. பாலசரஸ்வதியின் சகோதரர்களான ரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் மிருதங்கமும் குழலும் கற்பித்தனர். பாட்டியாரின் வாசிப்பில் இன்று நாம் நேரே கேட்கக் கூடியவை, 1930-களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனியார் பதிந்த சில இசைத்தட்டுகளே. அறுபது வயதைத் தாண்டிய பின் வாசித்தவை அவை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். கரகரப்புக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.