வெற்றங்கி வேந்தன் ஜான் பேலியல்

ஸ்காத்லாந்து தேசத்துச் சரித்திரத்தைப் படித்த மாணாக்கருள் வாலஸ், புரூஸ் என்னும் வீரரை அறியாதார் இலர். அவர்க்கு முன்னர் அந்நாட்டின் முடியை நான்காண்டும் நிறையாமல் தரித்துக் கழற்றிய ஜான் பேலியலை நினைப்பாரோ மிகச் சிலர். நினைப்பாரும் நகையாடவே நினைக்கின்றனர்.

கல்லூரியிற் பயில்வோர்க்கு இவர் குடும்பம் முற்றும் புதியதன்று. ஆக்ஸ்போர்டு நகரில் வறிய மாணாக்கர்க்கென ஓர் இல்லம் அமைத்தவர் இவர் தந்தையாராகிய மூத்த ஜான் பேலியல். அவர் 1268-இல் இறந்தபின், மனைவியார் டெர்வோர்கில்லா அம்மையார் அதற்குப் பொருள் வழங்கி, 1282-இல் விதிகளும் வகுத்தளித்தனர். அதுவே பேலியல் கல்லூரி. இவ்வம்மையார் கணவரது இருதயத்தைப் பரிமளமூட்டித் தந்தப் பேழையில் வைத்துப் போற்றியதும், அவர் நினைவாக ஒரு மடம் எடுப்பித்ததும் தனியே எழுதத் தக்கன.

1286-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் புயல் வீசிய ஓரிரவில், மூன்றாம் அலெக்ஸாந்தர் மன்னர் குதிரையினின்று வீழ்ந்து மாண்டார். அவருடைய மக்கள் மூவரும் முன்னமே இறந்துபட்டனர். எஞ்சிய பேர்த்தி நார்வே நாட்டுச் சிறுமி. அவளும் 1290-இல் வரும் வழியில் ஆர்க்னித் தீவில் உயிர் துறந்தாள். உடனே பன்மூவர் அரசுரிமை கோரி எழுந்தனர். ஹண்டிங்டன் பிரபுவாகிய தாவீதின் மூத்த மகள் வழியில் வந்த கொள்ளுப்பேரர் ஜான். இரண்டாம் மகளின் புதல்வர் முதிய ராபர்ட் புரூஸ். மூத்த வழியோ, தலைமுறையில் அணுக்கமோ, எது சிறந்தது என்பதே வழக்கு. நடுவராக அழைக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, தம்மை மேலதிகாரியென ஒப்புக்கொண்டபின்னரே விசாரணை தொடங்குவித்தார். குரங்கை அப்பம் பங்கிட அழைத்த கதை! நூற்றுநால்வர் சபையார் ஆராய்ந்தபின், 1292 நவம்பர் 17-இல் ஜானுக்கே தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு நீதியானதே என்பது எமது கருத்து. கேடு தீர்ப்பிலன்று, தீர்த்தவரிடத்திலேயே இருந்தது.

நவம்பர் 30-இல் ஸ்கூன் நகரத்துக் கல்லாசனத்தில் அமர்ந்த ஜான், மாதமொன்று கழியுமுன் நியூகாசிலில் எட்வர்டின்முன் முழந்தாளிட்டுப் பணிந்தார். மறு ஆண்டு மக்டப் என்பார் தொடுத்த வழக்கில், முடிதரித்த மன்னரே இங்கிலாந்துப் பார்லிமெண்டில் வழக்காளிபோல் நிறுத்தப்பட்டார். தம் நாட்டாரைக் கலந்தன்றி விடையிறுக்க இயலாதென முதலில் உறுதியாகவே நின்றார். மூன்று கோட்டைகளைப் பறிப்போம் எனக் கேட்டதும் தளர்ந்தார். 1294-இல் பிரெஞ்சுப் போருக்கு ஸ்காத்தியர் படைத்துணை வேண்டும் என்னும் ஆணை வந்தபோது பிரபுக்களின் பொறுமை கடந்தது. அவர்கள் பன்னிருவர் சபை அமைத்து, 1295-இல் பிரான்சுடன் உடன்படிக்கை செய்தனர்.

எட்வர்டு 1296 மார்ச்சில் பெரிக் நகரைச் சூறையாடி, நகரமாந்தரை இரக்கமின்றிக் கொன்று குவித்தார். ஏப்பிரலில் டன்பாரில் ஸ்காத்தியர் சேனை சிதறிற்று. ஜூலையில் ஜான் முடியைத் துறந்தார். அப்பொழுது அவரது மேலங்கியில் தைத்திருந்த அரச சின்னம் பிய்த்தெறியப்பட்டது. வெற்றங்கி என்னும் இகழ்ப்பெயர் அதனால் வந்தது. ஸ்கூன் கல்லும் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1996-ஆம் ஆண்டிலேதான் ஸ்காத்லாந்துக்கு மீண்டது.

லண்டன் கோபுரத்தில் மூன்றாண்டு சிறையிருந்த ஜான், 1299-இல் போப்பரசரின் பாதுகாவலில் விடப்பெற்றுப் பிரான்சு சேர்ந்தார். இவரை நகைப்போர் ஒன்றை மறக்கின்றனர்: 1298-இல் நாட்டுக் காவலராயிருந்த வாலஸ் ஆணை பிறப்பித்தது இந்த ஜான் மன்னரின் பெயராலேயே. உடையவர் சிறையிலிருந்தும் உரிமை சிறைப்படவில்லை.

முதிய புரூஸின் பேரர் 1306-இல் முடிசூடி, 1314 ஜூனில் பானக்பர்னில் வெற்றி கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் பிக்கார்டியிலுள்ள தம் குடும்ப நிலத்தில் ஜான் காலமானார். மகன் எட்வர்டு பேலியல் 1332-இல் ஸ்கூனில் முடிசூடியும் நிலைக்காது, 1356-இல் தம் உரிமையை இங்கிலாந்து மன்னருக்கே விட்டுக்கொடுத்தார். பின்னர் 1390-இல் பட்டத்துக்கு வந்த ஜான் ஸ்டூவர்ட் என்பார், அப்பெயர் அரசர்க்கு ஆகாதென்று கருதி, மூன்றாம் ராபர்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டார் என்பர். அதன்பின் ஸ்காத்லாந்தில் ஜான் என்னும் பெயரால் அரசர் எவரும் ஆண்டிலர்.