கடல் தாய்!
சம்பளம் இல்லாமல் உழைத்த பெண் விஞ்ஞானி

ஜப்பான் நாட்டில் உட்டோ என்று ஓர் ஊர். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி மக்கள் கூடி விழா எடுக்கிறார்கள்.

கல்லில் இருப்பது ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பெயர். அவர் ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை! அவர்தான் காத்லீன் ட்ரூ பேக்கர்.

வேலை போயிற்று

1901-ம் ஆண்டு இங்கிலாந்தில் லீ என்ற ஊரில் காத்லீன் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் தாவர நூல் படித்து, 1922-ல் முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே ஆசிரியை ஆனார்.

1928-ல் ஹென்றி பேக்கரை மணந்தார். அவரும் அங்கே ஆசிரியர்தான். மணமான பெண்ணுக்கு வேலை கிடையாது என்பது அந்தக் கால விதி. காத்லீனின் வேலை போயிற்று.

அவர் சோர்ந்து விடவில்லை. இரண்டு குழந்தைகளை வளர்த்தார். சம்பளம் வாங்காமலே ஆராய்ச்சியும் செய்தார்.

சிப்பியில் ரகசியம்

அவர் ஆராய்ந்தது, கடற்பாறையில் வளரும் ஒரு செம்பாசி. வேல்ஸ் மக்கள் அதை வேகவைத்து உண்பார்கள். அதே குலத்துப் பாசியை ஜப்பானியர் காகிதம் போல் உலர்த்தி, சோற்றைச் சுற்றிச் சாப்பிடுவார்கள். அதற்கு நோரி என்று பெயர்.

நோரி குளிர்காலத்தில் தழைக்கும். கோடையில் மறைந்து விடும். அதன் வித்து எங்கே போகிறது? யாருக்கும் தெரியாது. விளைந்தால் அதிர்ஷ்டம், விளையாவிட்டால் பட்டினி!

காத்லீன், பாசியின் வித்துக்களைச் சிப்பி ஓட்டுடன் வளர்த்துப் பார்த்தார். அவை ஓட்டைத் துளைத்துப் புகுந்து, இளஞ்சிவப்பு நூலாகப் படர்ந்தன. அந்த நூலை வேறொரு பாசி என்றே அதுவரை விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1949-ல் காத்லீன் வெளியிட்டார்.

ஜப்பானிய விஞ்ஞானி செகவா அதைப் படித்தார். நோரியும் அப்படியே என்று கண்டார். அதன் பிறகு சிப்பி ஓட்டில் நாற்று விட்டு, கடலில் வலை கட்டிப் பயிர் செய்தார்கள். விளைச்சல் நிலைத்தது.

வெயிலுக்குக் குடை

இந்தப் பாசிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கடல் நீர் வடிந்ததும், பாறையில் மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கும். ஆனாலும் பிழைத்துக் கொள்ளும். காரணம் என்ன? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருளை அது தானே செய்து கொள்கிறது. அதற்கு போர்பைரா-334 என்று பெயர்.

புற ஊதாக் கதிர் நம் தோலுக்கும் பகை. தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற நாரை அது கெடுக்கிறது. வயதுக்கு முன்பே சுருக்கம் விழுகிறது. பாசியின் அந்தப் பொருளை எடுத்து, இப்போது சில முகப்பூச்சுகளில் சேர்க்கிறார்கள். பூச்சு இருந்தாலும், உச்சி வெயிலில் குடை பிடிப்பது நல்லது!

காணாத நாட்டில் விழா

காத்லீன் 1957-ல், 55-ம் வயதில் காலமானார். நோரி பயிரிடுவோர் பணம் திரட்டி, 1963-ல் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். கடல் தாய் என்று போற்றுகிறார்கள்.

சொந்த நாட்டில் சம்பளம் கிடைக்காத உழைப்புக்கு, காணாத நாட்டில் திருவிழா கிடைத்தது!