வளரி வீரர் சின்ன மருது



சிலம்பம் பழகினால் உண்மையான ஆபத்து வரும்போது உயிரைக் காத்துக்கொள்ள முடியுமா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. முடியும் என்று சிலர் உறுதியாகக் கூறுவர். துப்பாக்கியும் பாராங்கும் மலிந்துவிட்ட காலத்தில் கம்பு சுற்றி என்ன பயன் என்று வேறு சிலர் கைவிரிப்பர். இவ்விரண்டில் எது சரி என்பதை வாதத்தால் முடிவு செய்வதைவிட, தற்காப்புக் கலையில் தலைசிறந்து விளங்கிய ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே நன்று. அத்தகைய ஒருவர்தாம் சிவகங்கைச் சீமையின் மாவீரர் சின்ன மருது. அவர்தம் வரலாற்றின் கடைசி ஏடு நம் பேராக் மாநிலத்திற்கு அண்மையிலுள்ள பினாங்குத் தீவில் எழுதப்பட்டது என்பதால், நாம் அவரை அறிந்துகொள்வது இன்னும் பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் பயிற்சியும்

தமிழகத்தின் தென்பகுதியில், நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளம் என்னும் சிற்றூரில், மொக்கப் பழனியப்பனாருக்கும் பொன்னாத்தாளுக்கும் 1748ஆம் ஆண்டில் மூத்த மகனாகப் பெரிய மருதுவும், 1753ஆம் ஆண்டில் இளைய மகனாகச் சின்ன மருதுவும் பிறந்தனர். சகோதரர் இருவரும் இளமையிலேயே சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரிடம் பணியில் சேர்ந்தனர். வாள், வேல், சிலம்பம், வளரி ஆகியவற்றில் அவர்கள் பெற்ற தேர்ச்சியும், அவர்களுடைய அஞ்சாமையும் மன்னரின் மனத்தைக் கவர்ந்தன. மன்னரின் துணைவியார் வேலு நாச்சியாரும் குதிரையேற்றம், வாட்போர், சிலம்பம் ஆகியவற்றைக் கற்றவரே. தற்காப்புக் கலை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதென்று எண்ணுவோர் இவ்வம்மையாரை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வளரி என்பது பிறை போல் வளைந்த எறிபடை. மரத்தாலும் இரும்பாலும் செய்யப்படும். அதன் ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி வீசினால், அது காற்றில் சுழன்று சென்று இலக்கைத் தாக்கும். ஓடும் மானின் கால்களைக் குறிவைத்து வேட்டையாடவும், போரில் பகைவரை வீழ்த்தவும் நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தினர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய வளரிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இக்கலையில் சின்ன மருதுவுக்கு இருந்த திறமையைக் கூறுபவர் அவருடைய நாட்டவர் மட்டுமல்லர். கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர், 1795ஆம் ஆண்டளவில் இளம் அதிகாரியாக இருந்தபோது சின்ன மருதுவுடன் நட்புக் கொண்டிருந்தார். வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும், தேர்ந்த கையிலிருந்து செல்லும் வளரி 100 கஜத் தொலைவுக்குள் குறி தவறாது என்றும் அவர் 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். சிறுவயலில் இருந்த சின்ன மருதுவின் இல்லத்தில் காவலர் எவருமில்லை என்றும், யார் வேண்டுமானாலும் உள்ளே சென்று அவரைக் காண முடிந்தது என்றும் அவரே குறிப்பிடுகிறார். கலையில் கைதேர்ந்தவர் பிறரை அச்சுறுத்த வேண்டியதில்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

முதல் சோதனை

1772ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினியாரின் படையும் காளையார்கோவிலை எதிர்பாராத வேளையில் தாக்கின. மன்னர் முத்து வடுகநாதர் களத்திலேயே வீழ்ந்தார். சீமை பகைவர் வசமாயிற்று.

அப்பொழுது மருது சகோதரர் இளைஞர்கள். குருதி கொதிக்கும் பருவம். கையில் வாளும் வளரியும் இருந்தன. மன்னரைக் கொன்றோர்மீது பாய்ந்து மடிந்திருந்தால், அவ்வீரத்தைப் புகழ்ந்து நாலு பாட்டு பாடியிருப்பர். அத்தோடு சிவகங்கையின் கதையும் முடிந்திருக்கும். அவர்களோ அவ்வாறு செய்தாரில்லை. அரசி வேலு நாச்சியாரையும் இளவரசி வெள்ளச்சியையும் காத்து, காடும் மேடும் கடந்து, திண்டுக்கல் பக்கத்திலுள்ள விருப்பாச்சிக்குக் கொண்டு சேர்த்தனர். முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளை மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி உதவி வேண்டினார். எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தனர். படை திரட்டினர், துணை தேடினர். ஹைதர் அலியின் உதவியுடன் 1780ஆம் ஆண்டில் சீமையை மீட்டனர்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியை நாம் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று வளரி வீசாமல் விலகிச் சென்றதே அவர்கள் செய்த தற்காப்பு. அதனைக் கோழைத்தனம் என்று எவரேனும் கூறுவரோ? வெல்ல இயலாத இடத்திலிருந்து விலகுவதும், காக்கப்பட வேண்டியவர்களை முதலில் காப்பதும், உதவி கேட்கத் தயங்காமையும் போர்க்கலையில் அடங்கியவையே.

நாட்டை ஆண்ட கை

சீமை மீண்டபின் சின்ன மருது பிரதானியாகப் பொறுப்பேற்றார். பெரிய மருது படைத்தலைமையையும் வேட்டையையும் விரும்பியவர். ஆர்க்காட்டு வெள்ளி நாணயத்தை விரலாலேயே வளைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததாக அந்நாளில் மக்கள் பேசிக்கொண்டனர். தம்பியோ நிருவாகத்தில் வல்லவர். காளையார்கோவிலின் உயர்ந்த இராசகோபுரம் அச்சகோதரர்களின் திருப்பணியை இன்றும் பறைசாற்றி நிற்கின்றது.

ஆனால் கும்பினியாரின் வரிப்பசி ஓயவில்லை. 1799ஆம் ஆண்டு அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சியில் மீண்டும் கோட்டை எழுப்பிப் போரிட்டார். மே மாதத்தில் அக்கோட்டை வீழ்ந்ததும், அவர் சின்ன மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினியார் வற்புறுத்தினர். அடைக்கலம் என்று வந்தவரைக் காட்டிக்கொடுக்க மருதுவின் நெஞ்சம் இசையவில்லை. போர் மூண்டது.

1801ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாளில் சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது. சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் ஒன்றுபட்டு அந்நியரை எதிர்க்க வேண்டுமென்பதே அதன் கருத்து. வளரி வீச்சில் இணையற்றவராக இருந்தும், வளரி ஒன்றினாலேயே நாட்டைக் காத்துவிட முடியாதென்பதை அவர் அறிந்திருந்தார்.

காட்டுப் போர்

இனி நம் வினாவிற்கு நேரடியாக விடையளிக்கும் பகுதிக்கு வருகின்றோம்.

அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின், மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு இடித்து நிரப்புதல் வேண்டும். நன்கு பழகிய சிப்பாயும் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று முறைக்குமேல் சுட இயலாது. ஏறத்தாழ 100 கஜத்திற்கு அப்பால் குறியும் தவறும். வளரி செல்லும் தொலைவும் ஏறக்குறைய அதுவே. எனவே முட்செடிகள் அடர்ந்த காட்டில், மரத்தின் மறைவிலிருந்து வேலும் வளரியும் வீசும் வீரன், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்குச் சிறிதும் தாழ்ந்தவனல்லன்.

இவ்வுண்மை 1801ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிப்பட்டது. பகைவர் நெருங்கியபோது சின்ன மருது தம் அழகிய சிறுவயலுக்குத் தாமே தீ மூட்டிவிட்டுக் காட்டிற்குள் புகுந்தார். கர்னல் அக்னியூவின் படையினர் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு மரங்களை வெட்டிப் பாதை அமைக்க முயன்றனர். நாள்தோறும் மருதுவின் வீரர்கள் மறைந்திருந்து தாக்கினர். ஒரு மாதம் போராடியும் பாதை முடியவில்லை. கும்பினிப் படை அம்முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கியது. பழகிய கால், பழகிய கண், பழகிய காடு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மரபுக் கலை எவ்வளவு பயனுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. கும்பினியார் படைக்கலத்தை மாற்றவில்லை; வழியை மாற்றினர். செப்டம்பரில் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து மக்களைப் பிரித்தனர். பலர் மருதுவை விட்டு விலகினர். அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் பல திசைகளிலிருந்தும் தாக்கப்பட்டு வீழ்ந்தது. தொடையெலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஒற்றுமை குலைந்ததே அவர்களை வீழ்த்தியது. வளரியின் குறி கடைசிவரை தவறவில்லை. ஆனால் பிளவுபட்ட ஊரை வளரியால் ஒட்ட வைக்க இயலவில்லை.

பினாங்குத் தீவில்

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது பதினைந்து வயதளவிலான சிறுவர். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையாத்தேவர் முதலிய 70க்கும் மேற்பட்டோருடன், அவரும் 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்கிற்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டத் தொழிலாளராக நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்து குடியேறுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, இத்தமிழர்கள் கைதிகளாக இம்மண்ணை மிதித்தனர். 1818ஆம் ஆண்டில் பினாங்கிற்கு வந்த அதே வெல்ஷ், தளர்ந்து முதுமையடைந்தவர்போல் தோன்றிய ஒருவரைக் கண்டார். அவர்தாம் துரைசாமி! வயதோ முப்பதைச் சிறிது கடந்திருக்கும். தமக்கு வளரி கற்பித்த ஆசானின் மகனை அக்கோலத்தில் கண்ட வெல்ஷ் பெரிதும் வருந்தினார்.

தமிழகத்திலோ, 1801ஆம் ஆண்டு டிசம்பரில் கும்பினியார் மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தனர். கோட்டைகள் இடிக்கப்பட்டன. வளரி வீசுவோர் அருகினர். கற்பிப்பவரும் கற்பவரும் இல்லாத கலை மறைவது இயல்பே. சிலம்பம் மட்டும் ஊர்த் திருவிழாக்களில் விளையாட்டாகத் தங்கி, நம் பாட்டன்மாரோடு கப்பலேறி, மலாயாத் தோட்டங்களின் கோயில் திடல்களில் மீண்டும் சுழன்றது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து எதனைக் கற்றுக்கொள்வது?

சிலம்பம் பயனுள்ள கலை என்பதில் ஐயமில்லை. காலடி வரிசை உடலுக்குச் சமநிலையைத் தருகின்றது. எதிரே நிற்பவரின் தோளையும் காலையும் நோக்கி, அடி வருமுன் அறியும் கண்ணைத் தருகின்றது. எட்டி நிற்கும் தூரத்தை உணர்த்துகின்றது. அச்சத்தில் உறைந்துபோகாத மனத்தைத் தருகின்றது. குடையோ துடைப்பக் கட்டையோ கைக்குக் கிடைத்தாலும் தடுத்து விலகத் துணை செய்கின்றது. இந்நாட்டின் சீலாட் கலையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2019ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுச் சிறப்பித்தது. மலாய் நண்பர்கள் அதனைப் போற்றுவதுபோல் நாம் சிலம்பத்தைப் போற்றுவது கடமையாகும்.

ஆனால் மேடையில் கம்பு சுழற்றுவது வேறு; ஆபத்தில் தற்காத்துக்கொள்வது வேறு. அலங்காரச் சுற்று மட்டும் கற்றவர், எதிரில் ஒருவர் உண்மையாகவே அடிக்க வரும்போது திகைத்து நிற்பர். ஆசானின் மேற்பார்வையில், தக்க காப்புடன், இருவர் எதிரெதிர் நின்று பழகும் பயிற்சியும் வேண்டும். அப்படிப் பழகியவரும் பாராங் ஏந்தியவனையோ, கூட்டமாக வருபவர்களையோ எதிர்த்து நிற்க எண்ணலாகாது. பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிடலாம்; பணத்தை மீண்டும் உழைத்துச் சேர்க்கலாம். உரக்கக் கூவி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்திற்கு ஓடுதலே முறை. பிறகு 999 என்ற எண்ணை அழைத்துக் காவல்துறையினரிடம் தெரிவித்தல் வேண்டும். சிறுபிள்ளைகள் தங்களை எவரேனும் அச்சுறுத்தினால், தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூற வேண்டும். விருப்பாச்சிக்குச் சென்று உதவி நாடிய மருதுவுக்கு அதனால் பெருமை குறைந்துவிடவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சிலம்ப வகுப்பிற்கு அனுப்புங்கள். கலையோடு அடக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசானைத் தேடி அனுப்புங்கள். சண்டைக்கும் குண்டர் கும்பலுக்கும் ஆள் சேர்க்கும் இடத்தை அண்டவிடாதீர்கள். உடன்பிறந்தோரையும் உடன்படிப்போரையும் தாக்குவதற்காகக் கற்ற கலை, கற்றவனையே முதலில் கெடுக்கும்.

ஆபத்தில் விலகவும், நலிந்தவரைக் காக்கவும், அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடாதிருக்கவும் அறிந்தவரே உண்மையில் தற்காப்புக் கலை கற்றவர். அவ்வாறு கற்று, உடல் உரமும் உள்ளத் தெளிவும் ஒருங்கே பெற்று, ஒற்றுமையாய் வாழ்வோமாக!

வாழ்க சின்ன மருதுவின் புகழ்! வளர்க நம் மரபுக் கலை!