எலும்பில் ஒட்டுக் கட்டிய டாக்டர் ஆல்பி



ஒட்டு மாங்கன்று எப்படிக் கட்டுவாங்கன்னு நமக்குத் தெரியும். நல்ல மரத்தின் குச்சியைச் சீவி, கன்றின் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால் இரண்டும் ஒன்றாக வளரும். இதையே மனிதனின் எலும்பில் செய்து பேர் வாங்கியவர்தான் டாக்டர் ஃபிரெட் ஆல்பி.

இவர் 1876-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆல்னா என்ற சிற்றூரில் பிறந்தார். பழ மரங்களில் ஒட்டுக் கட்டும் வேலையைச் சின்ன வயசிலேயே தாத்தாவிடம் கற்றுக்கொண்டாராம். 1903-இல் ஹார்வர்டில் டாக்டர் படிப்பை முடித்து நியூயார்க்கில் வேலை பார்த்தார்.

அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. அது முதுகெலும்பில் வந்தால் எலும்பு அரித்து, பிள்ளைகள் கூனிப் போவார்கள். மாதக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதுதான் வைத்தியம். ஆல்பி 1911-இல் வேறு வழி காட்டினார். நோயாளியின் கணுக்காலுக்கு மேலே இருக்கிற கால் எலும்பிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி எடுத்தார். முதுகெலும்பின் முள் போன்ற பகுதிகளைப் பிளந்து, அதற்குள் வைத்துத் தைத்தார். அது ஒட்டி வளர்ந்து, நோய் வந்த இடத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டது. (அதே வருஷம் அதே நகரத்தில் ஹிப்ஸ் என்ற டாக்டரும் வேறு முறையில் இதைச் செய்தார். யார் முதல் என்ற சண்டைக்கு நான் வரலை!)

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய கருவிதான். மின்சாரத்தில் சுற்றும் இரட்டை ரம்பம். ஆசாரி துளையும் முளையும் பிசகாமல் இழைப்பது போல, எலும்பை அளவாக வெட்டும். எலும்பிலேயே ஆணியும் கடைந்தார்! முதல் உலகப்போரில் கை கால் நொறுங்கிய வீரர்களுக்கு இந்த முறை கைகொடுத்தது. 1945-இல் ஆல்பி இறந்தார்.

ஒண்ணைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒட்டு உயிரோடு வளருதா என்று அவர் நாய்களை அறுத்துப் பார்த்தார். எனக்கு அது கஷ்டமாத்தான் இருந்தது. ஆனால் அந்த அறிவு இன்று நாய்களுக்கும் திரும்பி வந்திருக்கிறது. உயரத்திலிருந்து குதித்து முன்னங்கால் மணிக்கட்டு கெட்டுப்போன நாய்க்கு, மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டி, ஸ்டீல் பிளேட் வைத்து, தோள் பக்கத்து எலும்பின் உள்ளே உள்ள பஞ்சு போன்ற பகுதியை எடுத்து நிரப்புகிறார்கள். மூட்டு ஒரே எலும்பாகிவிடும். மடங்காது, ஆனால் ஊன்றி நடக்கும்.

அந்தப் பஞ்சில் என்ன விசேஷம்? மஜ்ஜையில் எலும்பை உண்டாக்கும் செல்கள் இருப்பதை ரஷ்யாவின் ஃபிரீடன்ஸ்டைன் 1960-களில் காட்டினார். அதே வகை ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ பிரித்து மூட்டில் வைத்தால் சீக்கிரம் ஒட்டுமா என்று இப்போது சோதிக்கிறார்கள். இன்னும் முழுசா நிரூபணம் ஆகலை. வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கிறது.

நம்ம வில்லாபுரத்தில் எங்க தெரு மணியைப் பார்த்திருப்பீங்க. வண்டி இடித்ததிலிருந்து மூணு காலில்தான் ஓடுவான். நாலாவது கால் மணிக்கட்டோடு வளைந்து தொங்குது. டாக்டரிடம் காட்டலாம்னு அப்பாவிடம் கேட்டிருக்கேன். சம்பளம் வரட்டும்னு சொல்லியிருக்காங்க.