கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி

நடிகமணி வி.வி. வைரமுத்துவை நான் நேரில் கண்டதில்லை. அவர் காலமான 1989ஆம் ஆண்டில்தான் நான் பிறந்தேன். ஆனாலும் அவருடைய குரலோடுதான் வளர்ந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மாங்குளத்தில் பற்றரிக்கு எங்கே போவது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோப் பெட்டியில் கொழுவி, பெடலை நான் சுற்றுவேன். அம்மம்மா ஒலிநாடாவில் மயான காண்டம் கேட்பார். என் கை சோர்ந்தால் அரிச்சந்திரனின் குரலும் சோர்ந்து இழுபடும். அதற்கு ஏச்சு விழும்.

வைரமுத்து 1924இல் காங்கேசன்துறையில் பிறந்தவர். தமிழகத்து நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்தில் விட்டுச்சென்ற இசைநாடகத்தை எங்கள் சனம் கொட்டகைக் கூத்து என்றது. அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். வசந்தகான சபா என்ற குழுவை அமைத்து ஊரூராகக் கொண்டுபோனார். பக்த நந்தனார், சத்தியவான் சாவித்திரி என்று பலவற்றில் நடித்தாலும் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது அரிச்சந்திர மயான காண்டத்தைத்தான். மூவாயிரம் தடவைக்கு மேல் அது மேடையேறியது என்பார்கள். ஊடகக் கற்கை படித்த காலத்தில் அந்த எண்ணிக்கை எனக்குப் புதிராகவே இருந்தது. முடிவு தெரிந்த கதையைப் பார்க்க ஏன் பாயும் தலையணையுமாகப் போனார்கள்?

அம்மம்மா வலிகாமத்தில் இருந்த காலத்தில் கோயில் திருவிழாக்களில் அதைப் பலமுறை பார்த்தவர். கதை உங்களுக்கும் தெரியும். நாட்டை இழந்த அரசன் சுடலை காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். யாரென்று தெரியாமலே கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு மறிக்கிறான் அவன். கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. கழுத்துத் தாலியை விற்றுக் கொண்டுவரச் சொல்கிறான். கணவனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தாலி அது. அந்த இடத்தில் வைரமுத்துவின் குரல் மேலே போய் நின்று உடையும். விடியப்புறத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள் என்று அம்மம்மா சொல்லுவார். தங்கள் வீட்டுச் சாவுகளையும் அங்கேதான் அழுது முடித்திருப்பார்கள் போல.

அவர் இறந்து அடுத்த வருடமே, 1990இல், காங்கேசன்துறைச் சனம் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயமான அந்த ஊருக்கு இருபது வருடங்களுக்கு மேலாக அவர்களால் திரும்ப முடியவில்லை. பிறகு எங்களுடைய முறை வந்தது.

2009 ஏப்ரலில் மாத்தளனில் மாமா செல் பட்டு இறந்தார். பதுங்குகுழிக்குள்ளேயே மூடினோம். போர்த்த ஒரு சேலை தேடினோம். இருந்த சேலைகள் எல்லாவற்றையும் மண்மூட்டைகளாகத் தைத்து அடுக்கியிருந்தோம். அரிசி கஞ்சிக்கே இல்லை. அம்மம்மா ஒரு பிடி மணலைத்தான் போட்டார். அவர் அழுததை நான் காணவில்லை. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை, ஓடவேண்டியிருந்தது.

முகாமிலிருந்து மாங்குளம் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தபோது மயான காண்டம் என் கைத்தொலைபேசியில் கிடைத்தது. சந்தோசப்படுவார் என்று போட்டுவிட்டேன். சந்திரமதி வரும் முன்பே எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். நானும் நிறுத்திவிட்டேன். அதைப்பற்றி இரண்டு பேரும் பிறகு பேசவில்லை.

மூன்று வருடம் கழித்து, ஒரு சித்திரை மாத இரவில், அவராகவே கேட்டார். முழுவதையும் போட்டேன். கால்பணம் கேட்கிற இடம் வந்ததும் மடியில் கிடந்த சேலைத் தலைப்பை முழம் போடுவதுபோல அளந்துகொண்டே இருந்தார். தாலி அடையாளம் தெரிகிற இடத்தில் அழத் தொடங்கினார். மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். விளக்கைக் குறைத்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.